திருத்தமும் மரியாதையும்

கன்னியாகுமரி ஜில்லா, கல்குளம் தாலுகாவைச் சேர்ந்த நெய்யூர் அளவில் சிற்றூரேயாயினும், கடல் கடந்தும் பெயர் தெரிந்திருந்த ஊராகும். 1838-ம் வருஷத்தில் டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே என்பவர் லண்டன் மிஷன் சார்பில் அங்கே வைத்தியத் தொண்டைத் தொடங்கினார். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறும் பொருட்டு 1922-ல் வந்த ஆங்கிலக் கோஷ்டியில் ஒருவராக இருந்த டாக்டர் ஹவார்டு சோமர்வெல், அம்முயற்சி முடிந்தபின் தேசத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டுத் தென்கோடிக்கு வந்தார். நெய்யூர் மருத்துவசாலை வாசலில் காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டார். லண்டனில் தமக்குக் கிடைக்கவிருந்த உத்தியோகத்தை வேண்டாமென்று விட்டு, இங்கேயே ஊழியத்தில் அமர்ந்துவிட்டார். 1924-ல் மறுபடியும் எவரெஸ்டுக்குச் சென்றவர், அங்கிருந்தும் நெய்யூருக்கே திரும்பி வந்தார். இவ்விஷயங்களெல்லாம் அவ்வூர்ப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருபவை.

இவற்றை இப்போது பிரஸ்தாபிப்பதற்குக் காரணம் உண்டு. விக்கிபீடியா என்னும் கலைக்களஞ்சியத்தை நம் நேயர்களில் பெரும்பாலோர் அறிவார்கள். பரீட்சைக்குப் படிக்கும் மாணவன் முதல் மேடையேறும் பிரசங்கி வரையில் அதைப் புரட்டாதவர் இன்று அரிது. அதை எழுதுவோருக்குச் சம்பளமில்லை. எழுதுவதற்கு யாருடைய சிபாரிசும் தேவையில்லை. எந்த ஊரைப் பற்றிய பக்கத்தையும் எந்த ஊராரும் திருத்தலாம். திருத்தியதை மற்றொருவர் மறு நிமிஷமே மாற்றியும் விடலாம். முதல் வசதியை எல்லாரும் போற்றுகின்றனர். இரண்டாவது வசதியிலிருந்து பிறக்கும் சண்டை சச்சரவுகளைப் பற்றி, அதில் உழைப்பவர்களைத் தவிர வேறெவரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. திருத்துவோர் ஒருவரோடொருவர் எவ்விதம் பேசுவது, எவ்விதம் மறுப்பது என்ற கேள்வி அற்பமானதென்று சிலர் நினைக்கக்கூடும். நெய்யூர் போன்ற ஊர்களின் சரித்திரம் சரியாகப் பதிவாகுமா ஆகாதா என்பதே அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நெய்யூர் மருத்துவசாலையை நிறுவியவர் சோமர்வெல் என்று யாரோ ஒருவர் ஒரு பக்கத்தில் எழுதிவிடுகிறார். பெயர் பெரிதாயிருப்பதால் வேலையும் அவருடையதாகவே இருக்கும் என்று நம்புவது மனித சுபாவம். ஓய்வுபெற்ற உபாத்தியாயர் ஒருவர் அதைப் படிக்கிறார். பேரனின் கைபேசியை வாங்கி, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி, 'ராம்சே, 1838' என்று மாற்றுகிறார். ஆதாரம் எதுவும் குறிப்பிடவில்லை. குறிப்பிட வேண்டுமென்று அவருக்குத் தெரியாது. இரண்டு நிமிஷத்தில், சென்னையிலோ டொராண்டோவிலோ இருக்கும் இளைஞர் ஒருவர், 'ஆதாரமில்லாத மாற்றம்' என்று இரண்டு சொல் எழுதிப் பழைய பிழையை மறுபடியும் நிலைநாட்டிவிடுகிறார். அந்த இளைஞர் அன்று மட்டும் அதேபோல் ஐம்பது மாற்றங்களைப் பார்த்திருப்பார். அவற்றுள் முப்பது, வேலையற்றோர் எழுதிய வசவுகளாயிருந்திருக்கும். உபாத்தியாயரையும் அந்தக் கூட்டத்தில் ஒருவராக அவர் எண்ணியதில் வியப்பில்லை. ஆனால் உபாத்தியாயருக்கோ, தம் ஊரைப் பற்றித் தமக்கே ஒன்றும் தெரியாதென்று முகமறியாத ஒருவர் சொல்லிவிட்டதாகப் படுகிறது. இரண்டாம் முறை அவர் சற்றுக் கடுமையாக எழுதுகிறார். மூன்றாம் முறை எழுதவே இல்லை. பிழை தங்கிவிடுகிறது. பிழையை அறிந்திருந்த ஒருவரும் போய்விடுகிறார்.

இந்த இருவரில் கெட்டவர் எவருமில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். இளைஞர் விதிப்படி நடந்தார். உபாத்தியாயர் உண்மையைச் சொன்னார். இடையில் குறைந்தது ஒரு வாக்கியம். 'ஐயா, தங்கள் திருத்தத்துக்கு நன்றி. இதைக் கூறும் அச்சுப் புத்தகம் அல்லது நினைவு மலர் ஏதேனும் தங்களிடம் இருந்தால் அதன் பெயரையும் பக்கத்தையும் தெரிவியுங்கள். நானே சேர்த்துவிடுகிறேன்' என்று இளைஞர் எழுதியிருந்தால் காரியம் அன்றே முடிந்திருக்கும். இதை எழுதுவதற்கு ஒரு நிமிஷம் ஆகும். ஐம்பது பேருக்கு எழுதினால் ஐம்பது நிமிஷம் ஆகும் என்பதையும் நாம் மறைக்கவில்லை. ஊதியமின்றி உழைப்பவரிடம் அந்த ஐம்பது நிமிஷத்தைக் கேட்பது அதிகந்தான். ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

தமிழில் கலைக்களஞ்சியம் என்பது எத்தனை பேருடைய உழைப்பால் வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் அவசியம் விளங்கும். ஆ. சிங்காரவேலு முதலியார் தனியொருவராகப் பல்லாண்டு உழைத்துத் தொகுத்த அபிதான சிந்தாமணி 1910-ல் வெளிவந்தது. பின்னர் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரையில் பத்துத் தொகுதிகளாகக் கலைக்களஞ்சியத்தைப் பிரசுரித்தனர். அது செயற்கரிய செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சுப் புத்தகத்துக்கு உள்ள கஷ்டம் அதற்கும் இருந்தது. முதல் தொகுதி வெளிவந்த 1954-ல் நெய்யூர் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது. 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி கல்குளம், விளவங்கோடு, அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கடைசித் தொகுதி வெளிவந்த மறுவருஷம், 1969 ஜனவரியில், சென்னை ராஜ்யத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறிற்று. அச்சிட்ட காகிதம் என்ன செய்யும்? இறுதியில் ஒட்டும் பிழைதிருத்தப் பட்டியலை யார் படிக்கிறார்கள்?

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிபீடியாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் ஆரம்ப காலத்தில் முன்னின்று உழைத்தவர் இலங்கைத் தமிழரான ஸ்ரீ இ. மயூரநாதன், கட்டடக் கலைஞரான அவர், துபாயில் தம் தொழிலைப் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2017-ல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. பிறகு ஒன்றரை லட்சத்தையும் கடந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்துக்குப் பின்னாலும் அதன் வரலாறு முழுவதும் இருக்கிறது. யார், எந்த நாளில், எந்த மணியில், எந்தச் சொல்லை மாற்றினார் என்பதை எவரும் பார்க்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பேச்சுப் பக்கம் ஒன்றும் உண்டு. அபிப்பிராய பேதம் வந்தால் அங்கே வாதிக்க வேண்டும். எல்லாருக்கும் பொதுவான விவகாரங்களைப் பேசும் இடத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டிருக்கின்றனர். நம் ஊர்ப் பஞ்சாயத்தின் ஞாபகம் வரும்படி அப்பெயரைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, அவருக்கு நமது பாராட்டு.

ஆலமரத்தடியில் மரியாதையோடு பேசுவது என்பது நம்மவர்க்குப் புதிதல்ல. ஆனால் எளிதாக வந்ததுமல்ல. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் நடந்த அருட்பா மருட்பா விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்று வழங்கலாமா என்பது கேள்வி. ஒரு பக்கம் அடிகளின் அன்பர்கள். மறு பக்கம் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். இரு திறத்திலும் கல்வியிற் குறைந்தவர் இல்லை. இருந்தும் கண்டனப் பிரசுரங்களில் வசைமொழி மலிந்து, 1869-ல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. பல்லாண்டுகள் கழிந்த பின்னும் இரு தரப்பாரும் துண்டுப் பிரசுரங்களை நிறுத்தவில்லை. அவற்றைப் படிப்பவருக்கு அக்காலத்து வசைச் சொற்கள் பல தெரியவரும். மூலக் கேள்வியைப் பற்றி அதிகமாகத் தெரியவராது.

இதற்கு மாறான வழியும் நம்மிடையே இருந்தது. திருஞானசம்பந்தர் பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இருந்தவர் என்று பாதிரியார் கால்டுவெல் தீர்மானித்திருந்தார். அவர் பெயருக்கு இருந்த செல்வாக்கினால் அது பலராலும் ஒப்புக்கொள்ளப்பட்டது. திருவனந்தபுரத்தில் ஆசிரியராயிருந்த மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை அதை மறுத்து எழுதினார். கல்வெட்டுகளையும் இலக்கியங்களையும் வரிசைப்படுத்தி, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவராயிருக்க முடியாது என்று காட்டினார். ஒரே திருத்தத்தில் தமிழ் இலக்கிய சரித்திரம் அறுநூறு வருஷம் பின்னோக்கிச் சென்றது. அதே போல், இராஜராஜ சோழன் காந்தளூர்ச் சாலையில் 'கலமறுத்த' செய்தியைப் பற்றிய விவாதத்தையும் குறிப்பிடலாம். கப்பற் படையை அழித்தான் என்று ஒரு சாராரும், சாலையில் உணவு வழங்கும் கலங்களைப் பற்றிய ஏற்பாடு அது என்று மற்றொரு சாராரும் கூறினர். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, கவிதையோடு கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தவர். அவரும் இவ்விவாதத்தில் இறங்கி, சாசனங்களைக் கொண்டே தம் கட்சியை நிலைநாட்ட முயன்றார். இன்றும் அது முடிந்தபாடில்லை. முடியாத விவாதத்தில் குற்றமொன்றுமில்லை. இரு கட்சியாரும் என்ன ஆதாரம் காட்டினர் என்பது நமக்குத் தெரிகிறது, அது போதும்.

விக்கிபீடியாவின் விதிகளுள் நம் கிராமத்தாருக்கு ஏற்கக் கடினமானது ஒன்று உண்டு. நேரில் கண்டறிந்தது என்பதற்காக மட்டும் எதையும் எழுதலாகாது. அச்சான நம்பகமான ஆதாரம் காட்ட வேண்டும் என்பதே அது. பட்டணத்தைப் பற்றி எழுதுவோருக்கு இதில் சிரமமில்லை. பட்டணத்தைப் பற்றிப் புத்தகங்கள் ஏராளம். நெய்யூரைப் பற்றி என்ன இருக்கிறது? 1871-லும் 1883-லும் சாமுவேல் மட்டீர் பாதிரியார் எழுதியவை இருக்கின்றன. 1903-ல் வந்த ஆகூரின் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாறு இருக்கிறது. 1906-ல் நாகமய்யாவும், 1940-ல் வேலுப் பிள்ளையும் சமஸ்தானத்தின் சார்பில் எழுதிய மானுவல்கள் இருக்கின்றன. எல்லாம் ஆங்கிலத்தில் உள்ளவை. பாதிரிமார் தங்கள் மிஷனுக்காகவும், மானுவல்காரர் அரண்மனைக்காகவும் எழுதியவர்கள். இவ்விரு சாராருக்கும் நடுவே, கீழே உழைத்துக் கிடந்த ஜனங்கள் தங்கள் கையால் எழுதியது மிகச் சொற்பம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று எழுத வந்தால், 'உமக்கு ஆதாரம் இல்லை' என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. விதியைத் தளர்த்த வேண்டுமென்று நாம் கூறவில்லை. விதி தளர்ந்தால் ஊருக்கு ஊர் தங்கள் கோவிலே ஆதிகோவில் என்றும், தங்கள் ஜாதியே அரச ஜாதி என்றும் எழுதிக்கொள்வார்கள். இப்போதே அதற்குக் குறைவில்லை. ஆனால் ஆதாரத்தைத் தேடித் தருவதில் புதிதாக வந்தவருக்குப் பழையவர் உதவ வேண்டும்.

ஆதாரம் கிடைத்தாலும் தொல்லை தீர்வதில்லை என்பதற்கு அப்பகுதியிலேயே வேண்டிய உதாரணங்கள் உண்டு. பழைய ஆவணங்கள் கொல்லம் ஆண்டில் எழுதப்பட்டவை. அவ்வாண்டு ஆவணி மாதத்தில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழிப் பாதி வரையில் 824-ஐயும், அதாவது ஜனவரி பிறந்தபின் 825-ஐயும் கூட்டினால்தான் ஆங்கில வருஷம் சரியாக வரும். தாய்த் தமிழகத்தோடு இணைந்த நவம்பர் முதல் தேதி கொல்லம் 1132 ஐப்பசியில் வருகிறது. எப்போதும் 825-ஐயே கூட்டும் பழக்கமுள்ளவர் 1957 என்று எழுதிவிடுவார். அவர் கையிலும் ஆவணம் இருக்கிறது, எதிராளி கையிலும் ஆவணம் இருக்கிறது. குளச்சல் யுத்தத்துக்கு 1741 ஜூலை 31 என்றும் ஆகஸ்டு 10 என்றும் இரண்டு தேதிகள் புத்தகங்களில் காணப்படுகின்றன. இரண்டு தேதிகளும் புத்தகங்களில் உள்ளவை என்பதை அறியாதவர், மற்றவரைப் பொய்யர் என்றே நினைப்பார். நெய்யூர் என்ற பெயரையே ஆங்கிலத்தில் ஒரு 'ஒய்' இட்டும் இரண்டு 'ஒய்' இட்டும் எழுதியிருக்கின்றனர்; ஒன்றை மட்டும் தேடுபவருக்குப் பாதி ஆவணம் அகப்படாது. திருவாங்கூர், திருவிதாங்கூர் என்று இரண்டு விதமாக எழுதப்படும் சமஸ்தானத்தின் பெயரோ, தக்கலைக்கு அருகிலுள்ள திருவிதாங்கோடு என்ற ஊரிலிருந்து வந்தது. இத்தகைய இடங்களில் எதிராளி அயோக்கியர் என்ற எண்ணத்தோடு தொடங்குபவருக்கு விடை கிடைக்கவே கிடைக்காது. அவர் நேர்மையாகத்தான் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொண்டு, 'தங்கள் ஆவணத்தில் மாதம் என்ன?' என்று கேட்பவருக்கு ஐந்து நிமிஷத்தில் கிடைக்கும். எதிராளியிடம் நல்லெண்ணம் இருப்பதாகவே கொள்ளுங்கள் என்று விக்கிபீடியாக்காரர்கள் விதி வகுத்திருப்பதை வெறும் நீதிபோதனை என்று கருதக் கூடாது. ஆராய்ச்சி செய்வதற்கே அது சௌகரியமான வழி.

எழுத்துக்கூட்டலைப் பற்றிய சண்டையையும் இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கிரந்த எழுத்துக்கள் வேண்டுமா, வேண்டாமா? யாழ்ப்பாணத்தார் 'ரொறன்ரோ' என்று எழுதுவதைச் சென்னைக்காரர் 'டொராண்டோ' என்று மாற்றலாமா? இவற்றுக்காகத் தமிழ் விக்கிபீடியாவில் செலவான மணிகள் கணக்கிலடங்கா. ஒரு பெயரிலிருந்து மற்றொரு பெயருக்கு வழிமாற்றிவிடும் வசதி இருக்கும்போது, இது ஒருவரையொருவர் புண்படுத்திக்கொள்ளும் அளவுக்குப் பெரிய விவகாரமாக நமக்குத் தோன்றவில்லை. இலங்கையிலும் தமிழகத்திலும் சிங்கப்பூரிலும் கானடாவிலும் இருக்கும் தமிழர் ஒரே பாயில் உட்கார்ந்து எழுதும் இடம் இது ஒன்றே. ஒரு கூட்டத்தார் தங்கள் வழக்கே தமிழ் என்று மற்றவர் எழுத்தையெல்லாம் அழித்துக்கொண்டு போனால் பாய் விரைவில் காலியாகும்.

ஆனால் எல்லாப் பேதமும் எழுத்துப் பேதமல்ல. நெய்யூரைச் சுற்றிய கல்குளம் பகுதி தோள்சீலைப் போராட்டத்தின் களங்களுள் ஒன்று. மார்பை மறைக்கும் உரிமைக்காக நாடார் குலப் பெண்கள் பட்ட அவமானமும், அடியும், அதைத் தொடர்ந்த கலகங்களும் சரித்திரம். 1829-ல் சமஸ்தானம் ஒரு பிரகடனம் வெளியிட்டது. கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம், ஆனால் மேல்ஜாதியாரைப்போல் தோள்சீலை இடலாகாது என்றது. 1859 ஜூலையில் வந்த பிரகடனமும், மேலாடை அணிய அனுமதித்ததே தவிர, மேல்ஜாதிப் பெண்கள் அணிவது போல் அணியலாகாது என்ற நிபந்தனையை விடவில்லை. '1859-ல் முழு உரிமை கிடைத்தது' என்று எழுதுவது பிழை. மிஷன் ஒன்றே எல்லாவற்றையும் செய்தது என்பதும், மிஷனுக்கு இதில் பங்கே இல்லை என்பதும் அதே போன்ற பிழைகள். இந்தப் பக்கத்தைத் திருத்த வருபவர் எவரும் வெறும் தேதியைத் திருத்த வருவதில்லை. தம் பாட்டியின் மானத்தையோ, தம் முன்னோரின் மீது சுமத்தப்பட்ட பழியையோ சுமந்துகொண்டு வருகிறார். சூடு பிறப்பது இயற்கை. அங்கே மரியாதை என்பது இரு தரப்பாரும் உண்மையில் ஆளுக்குப் பாதியைப் பங்கிட்டுக்கொள்வதல்ல. நடந்த கொடுமையைக் கொடுமை என்றே எழுத வேண்டும். யார் சொன்னது எது என்பதைப் பெயரோடு எழுத வேண்டும். எழுதியவரைத் தூஷிக்காமல் எழுதியதை மறுக்க வேண்டும்.

இதே விஷயத்தை வேறொரு ஸ்தாபனம் எவ்விதம் கையாண்டது என்று பார்ப்பது பயன் தரும். மத்திய சர்க்காரின் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழுவின் ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்தில், ஆடையின் சமூக வரலாற்றைக் கூறும் அத்தியாயத்தில் தோள்சீலைப் போராட்டம் இடம் பெற்றிருந்தது. 2019-ல் பாடச் சுமையைக் குறைப்பதாகச் சொல்லி அந்த அத்தியாயத்தையே எடுத்துவிட்டனர். எந்த வாக்கியம் தவறு, யார் ஆட்சேபித்தார், அதற்கு என்ன பதில் என்பதையெல்லாம் பார்ப்பதற்கு அப்புத்தகத்துக்குப் பேச்சுப் பக்கம் கிடையாது. விக்கிபீடியாவின் பேச்சுப் பக்கங்களில் எத்தனை கூச்சலிருந்தாலும், அழித்தவன் பெயரும் அழிந்த வாக்கியமும் அங்கே நிற்கின்றன. எந்தச் சர்க்கார் குழுவும் இதுவரை பொதுஜனங்களுக்கு அவ்வளவு கணக்குக் காட்டியதில்லை.

பதில் சொல்லாத திருத்தக்காரரால் வரும் தொல்லையைத் தமிழ்த் தொண்டர்கள் ஒரு முறை நேரிலேயே அனுபவித்தனர். 2009-ம் வருஷத்தையடுத்து, கூகிள் கம்பெனி கூலிக்கு மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கித் தமிழ் விக்கிபீடியாவில் குவித்தது. கட்டுரைகள் நீளமானவை, ஆனால் வாக்கியங்கள் தமிழாக இல்லை. தமிழருக்கு எந்த விதத்திலும் வேண்டியிராத மேனாட்டு நடிக நடிகையர் வரலாறுகள் ஏராளமாக வந்திறங்கின. தொண்டர்கள் பேச்சுப் பக்கத்தில் பிழைகளைச் சுட்டிக்காட்டினால் கேட்க ஆளில்லை. கூலி பெற்றவர் அடுத்த கட்டுரைக்குப் போயிருப்பார். வங்காளத்தார் அக்கட்டுரைகளைக் கண்டிப்பாக நீக்கத் தலைப்பட்டனர். தமிழ்த் தொண்டர்கள் பிழைகளைப் பட்டியலிட்டு, கம்பெனியாரோடு நேரில் பேசி, எந்தக் கட்டுரைகள் தேவை என்பதைத் தாங்களே கூறும் நிலைக்குக் காரியத்தைக் கொண்டுவந்தனர்; 2010-ல் போலந்து தேசத்தில் நடந்த விக்கிபீடியாக்காரர் மகாநாட்டில் இந்த அனுபவத்தை விமர்சனமாகவும் சமர்ப்பித்தனர். கோபிக்க வேண்டிய இடத்தில் கணக்கெடுத்தது புத்திசாலித்தனம் என்றே நாம் கருதுகிறோம். இன்று யந்திரங்களே கட்டுரை எழுதத் தொடங்கிவிட்ட நிலையில் அந்தப் பழைய அனுபவத்துக்கு மதிப்பு கூடியிருக்கிறது. யந்திரத்தை ஆலமரத்தடிக்கு அழைத்து விசாரிக்க முடியாது. அதை ஏவியவராவது வந்து பதில் சொல்ல வேண்டும்.

உள்ளே மரியாதை குறைந்தால் வெளியிலிருப்பவர் தடியோடு வருவர் என்பதற்கும் சமீபத்தில் ஒரு பாடம் கிடைத்தது. ஏ.என்.ஐ. என்ற செய்தி ஸ்தாபனம், தன்னைப் பற்றிய விக்கிபீடியாப் பக்கம் அவதூறானதென்று 2024 ஜூலையில் டில்லி ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. பக்கத்தைத் திருத்திய தொண்டர்களின் விவரங்களைத் தருமாறு கோர்ட்டு ஆகஸ்டில் உத்தரவிட்டது. அக்டோபரில், அவ்வழக்கைப் பற்றி எழுதப்பட்டிருந்த பக்கத்தையே அகற்றச் சொல்லிற்று. அகற்றச் சொன்ன உத்தரவை 2025 மே 9-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. கோர்ட்டில் நடப்பதைப் பொதுஜனங்கள் விவாதிப்பதற்கு இடம் வேண்டும் என்ற கொள்கை அதனால் காப்பாற்றப்பட்டது. வழக்கின் மூல விவகாரத்துக்குள் நாம் புகவில்லை. சம்பளமின்றி, புனைபெயரில், இரவில் கண் விழித்து எழுதும் ஒருவர், ஒரு வாக்கியத்துக்காகத் தலைநகரக் கோர்ட்டில் பெயர் சொல்ல நேரும் என்று பயந்தால், சிற்றூர்களிலிருந்து இனி எவர் எழுத வருவார் என்பதே நமது கவலை. அவதூறுக்கு இடம் தரக் கூடாது; ஆதாரமின்றி எவர் பெயரையும் கெடுப்பதற்குத் தொண்டு என்பது சாக்காகாது. ஆனால் பிழையென்று கருதுபவர் பேச்சுப் பக்கத்துக்கு வந்து, ஆதாரத்தை வைத்து, பதிலுக்குக் காத்திருந்து, பிறகே கோர்ட்டுப் படி ஏற வேண்டும். பணமுள்ள ஸ்தாபனங்களுக்கு இந்த ஒழுங்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

விக்கிபீடியாவை நடத்தும் நிறுவனத்தார் உலகம் முழுவதற்கும் பொதுவான நடத்தை விதிகளை 2021-ல் வெளியிட்டிருக்கின்றனர். அவற்றைத் தமிழில் படித்து ஒப்புக்கொள்வது நல்லதே. எனினும் மேலிருந்து வரும் விதியைக் காட்டிலும் பழக்கத்துக்கு வலிமை அதிகம். சென்னையிலும் கொழும்பிலும் அனுபவமுள்ள நிர்வாகிகள் செய்யக்கூடியது ஒன்றுண்டு: ஒரு சிற்றூர்ப் பக்கத்தில் புதியவர் செய்த முதல் மாற்றத்தை, அது வசவாகவோ விளம்பரமாகவோ இராத பட்சத்தில், கேட்காமல் அழிப்பதில்லை என்று தங்களுக்குள் தீர்மானித்துக்கொள்ளலாம். ஒரு வாரம் அவகாசம் கொடுத்தால் கலைக்களஞ்சியம் கவிழ்ந்துவிடாது. ஊர்ப் பெரியவர்களும் தங்கள் பங்குக்கு ஒன்றைக் கைவிட வேண்டியிருக்கிறது. 'நான் சொல்கிறேன், எழுது' என்ற தோரணை பள்ளிக்கூடத்தில் செல்லும், ஆலமரத்தடியில் செல்லாது. பேரன் வயதுள்ளவன் ஆதாரம் கேட்டால் அது அவமரியாதையாகாது.

நெய்யூரிலும் இரணியலிலும் தக்கலையிலும் எத்தனையோ வீடுகளின் பெட்டிகளில் சபைகளின் நூற்றாண்டு மலர்கள், பள்ளிக்கூட ஆண்டு மலர்கள், இணைப்புப் போராட்ட காலத்துத் துண்டுப் பிரசுரங்கள் முதலியவை செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. அச்சான ஆதாரம் என்று கலைக்களஞ்சியக்காரர்கள் கேட்பது இவற்றைத்தான். நாகர்கோவில் கல்லூரிகளின் மாணவர் சங்கங்கள் இவற்றைத் தேடிப் பிடித்து, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, நூலகங்களில் சேர்த்துப் பட்டியலிட முன்வர வேண்டும். காலாவதியான உரிமையுள்ளவற்றை விக்கிமூலத்தில் ஏற்றலாம். நாகமய்யாவின் மானுவலில் கல்குளம் பகுதியைக் குறித்துள்ள பக்கங்களை முதலில் தமிழாக்கலாம். இதற்குச் சர்க்கார் மானியம் எதுவும் வேண்டியதில்லை. கைபேசி ஒன்றும், சில ஞாயிற்றுக்கிழமைகளும், மலரை வைத்திருக்கும் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து அவர் பேசி முடிக்கும் வரையில் கேட்கும் பொறுமையும் இருந்தால் போதும்.